வளைவுக்கடைக்குப் போகாதீங்க

மக்காவுக்கு உம்ராப் பயணம் போக நாள் குறித்துவிட்டால், பெட்டி அடுக்குவதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது, பிள்ளைகளே. சொந்தக்காரர், அயலவர், எப்போதோ வாய்த்தர்க்கப்பட்டவர் என்று எல்லோர் வீட்டுக்கும் போய்ப் பயணம் சொல்லி மாப்புக் கேட்க வேண்டும். "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை செஞ்சிருந்தா அல்லாவுக்காக மன்னிச்சிக்கொள்ளுங்க" என்று நாங்கள் சொல்வோம். "மன்னிச்சிட்டோம், எங்களுக்கும் துஆ கேளுங்க" என்று அவர்கள் சொல்வார்கள். அப்புறம் தேத்தண்ணி வரும், பட்டர் கேக் வரும், யாருடைய மகளுக்கு எங்கே பேசுகிறார்கள் என்ற கதை வரும். அல்லாவுக்குச் செய்த குற்றத்தை அல்லா மன்னிப்பான்; மனிசருக்குச் செய்ததை அந்த மனிசரே மன்னித்தால்தான் உண்டு. அதனால் வந்த வழக்கம் இது. வழக்கம் என்று ஆன பிறகு அதில் பாதி தேத்தண்ணிதான்.

என் பட்டியலில் நாற்பத்தொரு பெயர். என்னோடு வெள்ளவத்தையில் இருக்கிற அக்கா மகள் பஸ்லா எழுதித் தந்தாள். ஞாயிற்றுக்கிழமை விமானம். செவ்வாயும் புதனும் டெரிக்கின் வேனைப் பிடித்துக்கொண்டு களுபோவில, தெஹிவளை, கொம்பனித்தெரு, மருதானை என்று சுற்றினோம். ஒவ்வொரு வீடு முடியும்போதும் பஸ்லா ஒரு கோடு போட்டாள். கோடுகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பே இலேசானது போல இருந்தது. ஒரு மனிசரும் "மன்னிக்க மாட்டேன்" என்று சொல்லவில்லையே! அந்தப் பெருமையோடுதான் புதன்கிழமை பின்னேரம் வேனில் ஏறினேன்.

டெரிக் கொட்டாஞ்சேனை ஆள். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை. எங்கள் குடும்பங்களின் மலைப் பயணமெல்லாம் பதினைந்து வருசமாக அவனுடைய வேனில்தான். காலி வீதியில் சிவப்பு வெளிச்சத்துக்கு நின்றபோது கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஆன்ட்டி, ஊர் முழுக்க மாப்புக் கேட்டீங்க. என்கிட்ட மட்டும் கேக்கல்லையே?"

"உனக்கு நான் என்னடா செஞ்சேன்?"

"வளைவுக்கடை அப்பத்த இல்லாம ஆக்கிட்டீங்களே. அதவிட வேற என்ன செய்யணும்?"

அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் என்னைப் பற்றி ஒரு வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும்.

ஏப்ரலிலும் டிசம்பரிலும் கொழும்பு ஆட்கள் வேன் வேனாக நுவரெலியாவுக்குப் போவார்கள். குளிரைப் பற்றியோ பூவைப் பற்றியோ எங்கள் பெண்களுக்குக் கவலை கிடையாது. வழியில் எங்கே சாப்பிடுவது, எங்கே குடிப்பது, அது ஹலாலா, தொழ இடம் உண்டா, கழிவறை மனிசர் போகிற மாதிரி இருக்குமா, இவ்வளவும்தான் கவலை. அதையெல்லாம் தெரிந்து வைத்திருந்த ஆள் நான். யாரும் சொல்லித் தந்ததில்லை. போகிற இடமெல்லாம் இறங்கி, அடுப்படி வரைக்கும் எட்டிப் பார்த்துப் படித்தேன்.

'மலைப் பயணம்' என்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. இருநூற்று முப்பது பேர். அதில் நான் குரல்பதிவு போடுவேன். அவிசாவளை தாண்டும் வரைக்கும் வேனை நிறுத்த வேண்டாம், புள்ளைகள் அழுதால் றம்புட்டான் வாங்கிக் கொடுங்க. கித்துல்கலயில் ஆறு தெரிகிற கடைகளில் தேத்தண்ணி மட்டும் குடியுங்க, சோறு வேண்டாம், ஆத்துக்கும் சேர்த்துக் காசு எடுப்பாங்க. ஹட்டனில் நாலு மணிக்கு மீன் பணிஸ் சூடாக இறங்கும், மூணே முக்காலுக்குப் போய் நில்லுங்க. நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரி சாப்பிடலாம், மேலே ஆடுகிற ஜெலி எந்த விலங்கிலிருந்து எடுத்த ஜெலி என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்க. இப்படி. "ஜவாஹிறா மாமி சொன்னாங்க" என்றால் வேன் நிற்கும். "மாமி வேணாம்டாங்க" என்றால் நிற்காது. அந்த அதிகாரம் எனக்கு இனித்தது, பிள்ளைகளே. பொய் சொல்ல மாட்டேன்.

கினிகத்தேனை ஏற்றத்தில், தேயிலைக்குள்ளே பாதை திரும்புகிற இடத்தில் இருந்தது வளைவுக்கடை. பெயர்ப்பலகை கிடையாது, நாங்கள் வைத்த பெயர்தான். புருசன் பெண்சாதி, புருசனுடைய ராத்தா, அதாவது அக்கா, மூன்று பேர் நடத்தினார்கள். ஓரம் மொறுமொறுவென்று நடு பஞ்சாக அப்பம், கட்டச்சம்பல், கரண்டியால் ஊற்றத் தருகிற கித்துல் பாணி, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ. பின்பக்கம் தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவி வுழுச் செய்ய மலைத்தண்ணிக் குழாய். பெண்கள் தொழ ஒரு மூலை, அதற்குப் பூப்போட்ட திரை. அந்தக் கடையைக் கண்டுபிடித்துச் சொன்னதே நான்தான். நான் சொன்ன பிறகு சனி ஞாயிறுகளில் அங்கே ஆறு ஏழு வேன் வரிசையாக நிற்கும்.

முந்தின வருசம் ஏப்ரலில் நாங்களும் போய் இறங்கினோம். நான் இரண்டு அப்பம் சாப்பிட்டேன். பகல் ளுஹர் தொழுவதற்கு வுழுச் செய்யப் பின்பக்கம் போனேன். அங்கே இடுப்பில் கத்தி சொருகிய ஒரு சிங்கள மனிசர் மரத்திலிருந்து இறக்கிக் கொண்டுவந்த முட்டியைச் சரித்துப் பெரிய சட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். வெள்ளையாக நுரைத்துக்கொண்டு விழுந்தது. சுற்றித் தேனீ. ஒரு மாதிரி வாடை. பக்கத்திலேயே அப்பமாச் சட்டி.

கள்ளு! அப்பமாவைப் புளிக்க வைக்கக் கள்ளு ஊற்றுவார்கள் என்பது யாருக்குத் தெரியாது? என் வயிற்றுக்குள் இரண்டு அப்பம். என் பேச்சைக் கேட்டு எத்தனை குடும்பத்தின் வயிற்றுக்குள் எத்தனை அப்பம்! அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "இது என்ன மகள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தொழவும் இல்லை. வேனில் ஏறி, "கதவ அடி, போவம்" என்றேன் டெரிக்கிடம். வளைவு மறைவதற்குள் ஃபோனை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வேன் நிற்கவில்லை. நான் பேசியதை எங்கள் குழுவிலிருந்து வேறு குழுக்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். எனக்கே மூன்று பேர் அனுப்பி, "கேட்டீங்களா?" என்று கேட்டார்கள்.

இப்போது டெரிக்குக்குச் சொன்னேன்: "அங்க கள்ளு சேத்தாங்கடா. என்ட கண்ணால கண்டேன்."

"என்னத்தக் கண்டீங்க?"

முட்டியைச் சொன்னேன், நுரையைச் சொன்னேன், வாடையைச் சொன்னேன். வெளிச்சம் பச்சையாகி, பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். டெரிக் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

"ஐயோ ஆன்ட்டி, அது கள்ளில்ல. அது தெலிஜ்ஜ. கித்துல் மரத்துல இருந்து இறக்குற இனிப்புத் தண்ணி. மரப்பட்டை போட்டுப் புளிக்காம இறக்குவாங்க. அதக் காய்ச்சித்தான் பாணி. நீங்க கரண்டி கரண்டியா ஊத்திச் சாப்பிட்டீங்களே, அது வானத்துல இருந்தா வந்திச்சு? புளிச்சுக் கள்ளாப் போனா பாணியே வராது. நானே அங்க ரெண்டு கிளாஸ் குடிச்சிருக்கேன். ஒண்ணுமே ஏறல்ல!"

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"கள்ளு எது, கள்ளில்லாதது எதுன்னு எனக்குத் தெரியாதா ஆன்ட்டி? ஸ்கூல்ல எல்லாத்துலயும் ஃபெயில். இந்தப் பாடத்துல மட்டும் டிஸ்டிங்ஷன்."

பஸ்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்பமாவுக்கு?"

"ஈஸ்டு. பேக்கரி சாமான் கடையில வாங்குறது. நானே எத்தனை தரம் ஹட்டனிலேருந்து வாங்கிட்டுப் போய்க் கொடுத்திருக்கேன்."

"அப்பவே ஏன்டா எனக்கு இதச் செல்லல்ல நீ?"

"நீங்க கேட்டீங்களா? கதவ அடின்னீங்க, அடிச்சேன். அடுத்த ட்ரிப்புல அங்க நிப்பாட்ட வேணாம்னாங்க, நிப்பாட்டல்ல. உங்க ஹராம் ஹலாலுக்குள்ள நான் வந்து மூக்க நுழைக்கிறதா? நல்லாருக்குமா?"

பிறகு சிரிப்பில்லாமல் சொன்னான்.

"அந்தக் கடையே இப்ப இல்ல ஆன்ட்டி. கடை நடத்தின அந்தம்மா உங்க ரோட்டுலதான் இருக்கு. கடல் பக்கம் போற ஒழுங்கையில, அந்தப் பெரிய ஃப்ளெட்ஸுக்குப் பின்னால. புருசன் ஜவாத் அதே ஃப்ளெட்ஸ்ல செக்கூரிட்டி. அந்தம்மா இடியாப்பம் அவிச்சுக் கடைகளுக்குப் போடுது. உங்க முன் கடையில வாங்குறீங்களே, அது அவங்க கைதான்."

எட்டு மாதமாக நான் அந்த இடியாப்பம் சாப்பிடுகிறேன். நூல் நூலாக இருக்கிறதே, யாருடைய கையோ, அல்லா பரக்கத்துச் செய்யட்டும் என்று வாயால் சொல்லியும் இருக்கிறேன்.

வியாழக்கிழமை காலையில் தனியாகப் போனேன். இரண்டு மாடிப்படி. ஒரே அறை. அறை முழுக்க ஆவி. ஆதிபா, அதுதான் அவளுடைய பெயர், நாற்பது வயதுக்காரி, முழங்கை வரை மாவோடு வந்து கதவைத் திறந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை, அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"மாமி! வெள்ளவத்த மாமி தானே? எங்கட கடைக்கு வருவீங்களே! வாங்க, வாங்க. கடைசியா வந்த நாள் பிளேன்டீ ஊத்தி வச்சேன், குடிக்காமப் போயிட்டீங்க. யாருக்காவது சொகமில்லையோன்னு அண்டைக்கு முழுக்க நெனச்சிட்டு ஈந்தேன்."

கதிரையைத் துடைத்துப் போட்டாள். இடியாப்பத் தட்டை இறக்கி, சொதி ஊற்றி, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் கையில் தந்தாள். சாப்பிட்டேன். ஒவ்வொரு நூலாக எண்ணி விழுங்கினேன்.

"கடைய ஏன் மகள் விட்டீங்க?" என்று கேட்டேன். கேட்கிறேன், பாருங்கள்! எனக்குத் தெரியாதது போல.

"எங்கட கைப்பக்குவம் போயிட்டு மாமி. திடீருன்னு ஆக்கள் வரல்ல. அரிசிய மாத்தினேன். தேங்காய மாத்தினேன். புதுப் பிளேட் வாங்கினேன், செவருக்குப் பெயின்ட் அடிச்சோம். வேன் எல்லாம் எங்கள்ட முகத்தப் பாத்துக்கொண்டே போகும், ஒண்டும் நிக்காது. அப்புறம் கடைச் சொந்தக்காரர் அத வேற ஆளுக்குக் குடுத்துட்டார்."

"அங்க மாவு யாரு அரைச்சது?"

அவள் முகம் சுருங்கியது. "என்ட மச்சி, பௌஸி. இவர்ட மூத்த ராத்தா. கல்யாணம் முடிக்கல்ல, எங்களோடதான் ஈந்தாங்க. மாவு அவங்கட கைதான். நான் அவங்களத்தான் சந்தேகப்பட்டேன் மாமி. ஒங்கட கை மாறிட்டு, மாவு புளிக்கிது, ஆக்கள் அதாலதான் வரல்லன்னு ஆக்களுக்கு முன்னால செல்லிட்டேன். அடுத்த நாள் காலைல பேக்கத் தூக்கிட்டு நாவலப்பிட்டிக்கு பஸ் ஏறிட்டாங்க. இப்ப கதைக்கிறதில்ல. இவர் என்ட அப்பத்தத் தொடுறதே இல்ல. அதாலதான் இப்ப இடியாப்பம்." மாவுக் கையைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். "சரி, அது எங்கட நசீபு. நீங்க எங்க மாமி இந்தப் பக்கம்?"

"உம்ராவுக்குப் போறேன் மகள். பயணம் செல்ல வந்தேன். தெரிஞ்சோ தெரியாமலோ நான் ஒங்களுக்கு ஏதும்..."

"அல்லாவே, நீங்க எனக்கு என்ன செய்யப் போறீங்க! மன்னிச்சிட்டேன் மாமி, அல்லாவுக்காக மன்னிச்சிட்டேன். இவ்வளவு பெரிய மனிசி என்னையும் மதிச்சிப் படியேறி வந்தீங்களே. கஃபாவக் கண்டதும் மச்சி என்னோட கதைக்கணும்னு ஒரு துஆ கேளுங்க. போதும்."

நான் சொல்ல நினைத்து வந்த மிச்சத்தைச் சொல்லியிருக்க வேண்டும், பிள்ளைகளே. சொல்லவில்லை. "கேக்குறேன் மகள்" என்றேன். எழும்பி வந்துவிட்டேன். படியிறங்கும்போது உள்ளே ஒரு சின்ன சந்தோசம் இருந்தது. அதுதான் என்னைக் கொல்லுகிறது. கேட்டேன், கிடைத்துவிட்டது என்ற சந்தோசம்.

பஸ்லா பட்டியலின் அடியில் நாற்பத்திரண்டாவது பெயரை எழுதி, உடனே கோடும் போட்டாள்.

"அந்தக் கோட்ட அழி" என்றேன்.

"ஏன் சாச்சி? கேட்டீங்க, குடுத்தாங்க. முடிஞ்சிதானே."

"எதுக்குன்னு தெரியாமத்தானே குடுத்தா."

"மத்த நாப்பத்தொரு பேரும் தெரிஞ்சா குடுத்தாங்க? களுபோவில மாமி டீவியப் பாத்துக்கொண்டே மன்னிச்சாங்க."

"அவங்களுக்கு நான் கடையப் பூட்ட வைக்கல்லயே."

பஸ்லா பென்சிலை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புத்தியுள்ள பிள்ளை. அவள் சொன்னது நியாயமாகவும் இருந்தது.

"சாச்சி, யோசிச்சிப் பாருங்க. இப்ப கையில ஒரு மாப்பு ஈக்கி. போய் எல்லாத்தையும் செல்லி, அவங்க 'மன்னிக்க மாட்டேன்'னு திருப்பி எடுத்துட்டா? ஞாயித்துக்கெழம ஒண்டும் இல்லாம விமானம் ஏறுவீங்களா?"

ஃபோனைத் தேடி, முந்தின வருசம் ஏப்ரலுக்குப் போய், நான் பேசியதை நானே போட்டுக் கேட்டேன். அனுப்பிய பிறகு ஒரு தரம்கூட அதைக் கேட்டதில்லை.

"வளைவுக்கடைக்குப் போகாதீங்க புள்ளைகளே! கண்ணால கண்டேன், கள்ளு முட்டி! அப்பத்துக்குக் கள்ளு ஊத்துறாளுகள். செவத்துல பிஸ்மில்லாவும் மாட்டி, திரையும் போட்டு, உள்ளுக்குக் கள்ளு! அதுதானே பாத்தேன், அப்பம் இப்பிடிப் பொங்குதேன்னு. யாரும் நிப்பாட்ட வேணாம்."

'பொங்குதேன்னு' என்ற இடத்தில் நான் சிரித்திருந்தேன். வேனில் இருந்தவர்களும் சிரிப்பது பின்னால் கேட்டது. பயந்துபோய்ச் சொன்னேன் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அந்தக் குரலில் பயம் இல்லை. எல்லோருக்கும் முதல் தெரிந்துகொண்டவளின் குரல் அது.

வெள்ளிக்கிழமை, ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற நேரம் பார்த்து மறுபடியும் படியேறினேன். அவளுடைய புருசன் இல்லாத நேரத்தைப் பார்த்துத்தான் போனேன். அதுவும் ஒரு கோழைத்தனம்.

"மாமி, எதையாவது வச்சிட்டுப் போயிட்டீங்களா?" என்றாள் ஆதிபா. பின்னேர ஓடருக்கு மாவு குழைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் மகள். செல்லாம வச்சிட்டுப் போயிட்டேன். நேத்து நீங்க தந்த மாப்ப நான் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒங்கட கை மாறல்ல. ஒங்கட மச்சிர கையும் மாறல்ல. வேன் நிக்காமப் போனதுக்கு நான்தான் காரணம்."

எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தெலிஜ்ஜ முட்டியைக் கண்டது, கேட்காமல் போனது, பேசி அனுப்பியது. அவள் குழைக்கிறதை நிறுத்தவில்லை. பிசைந்துகொண்டே இருந்தாள். முடிந்ததும், "அதப் போடுங்க" என்றாள்.

"வேணாம் மகள்."

"என்னப் பத்தின கதைதானே. ஊர் முழுக்கக் கேட்டாச்சி. நான் கேக்க வேணாமா?"

போட்டேன். என் சிரிப்பு அந்தச் சின்ன அறையில் எங்கும் போக இடமில்லாமல் நின்றது. இரண்டாம் தரம் போடச் சொன்னாள். போட்டேன். 'ஊத்துறாளுகள்' என்று வந்த இடத்தில் அவள் கை நின்றது.

"ஊத்துறாளுகள்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "ரெண்டு பேரையும்தான் செல்லியிருக்கீங்க. என்னையும் மச்சியையும்."

"ஓம்."

"ஒரு வார்த்த கேட்டிருந்தா, ஒரு கிளாஸ்ல ஊத்தித் தந்திருப்பேனே மாமி. குடிச்சிப் பாத்திருப்பீங்களே."

அவள் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசவில்லை.

"நான் இப்பவே குழுவில செல்றேன்" என்றேன். ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, அவளுக்கு முன்னாலேயே பேசினேன். நான் ஜவாஹிறா பேசுகிறேன், வளைவுக்கடையைப் பற்றி நான் சொன்னது பொய், அது பாணி காய்ச்சுகிற தெலிஜ்ஜ, அந்த அப்பத்தில் ஒரு சொட்டுக் கள்ளும் இல்லை, அந்தக் குடும்பத்தின் பிழைப்பைக் கெடுத்தது என் வாய், இதை யார் யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கெல்லாம் இதையும் அனுப்புங்கள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அழித்துத் திரும்பப் பேசவில்லை, அப்படியே அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் டிங், டிங் என்று பதில் வரத் தொடங்கியது. கட்டைவிரல் படம். கும்பிடுகிற கைப் படம். "பரவால்ல மாமி, மனிசர் என்றால் பிழை வரும்தானே." கடைசியாக ஒரு பிள்ளை கேட்டிருந்தாள்: "அப்ப இந்தப் போயா லீவுக்கு அங்க சாப்பிடலாமா மாமி? எத்தினை மணிக்குத் திறப்பாங்க?"

அதை ஆதிபாவும் பார்த்துவிட்டாள். ஒரு சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரிப்பென்று சொல்ல முடியாது. மூச்சு.

"செல்லுங்க மாமி. அங்க இப்ப ஃபோன் கவர் விக்கிறாங்கன்னு செல்லுங்க."

சொன்னேன். அதற்கு யாரும் படம் போடவில்லை.

ஆதிபா கையைக் கழுவினாள். மாவு போனபிறகும் வெகு நேரம் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு தன் ஃபோனை எடுத்து நம்பரை அழுத்தினாள். காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

"மச்சி, நான் ஆதிபா... வைக்காதீங்க. என்னோட கதைக்க வேணாம். இங்க ஒரு மனிசி ஈக்காங்க. அவங்க கதைப்பாங்க."

ஃபோனை என் கையில் திணித்தாள். இப்படி வரும் என்று நான் நினைக்கவில்லை. நாவலப்பிட்டியில் ஒரு குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு, கடையின் உள்ளறையில் மாவரைத்துக்கொண்டிருந்திருப்பாள், நான் ஒரு தரம்கூடக் கண்டதில்லை, அவளுக்கு எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்லும்போது நியாயம் சொல்லும் வார்த்தைகளெல்லாம் கழன்று விழுந்திருந்தன. 'பயந்துட்டேன்' இல்லை. 'நல்லதுக்குத்தான்' இல்லை. கண்டேன், கேட்கல்ல, செல்லிட்டேன். அவ்வளவுதான் மிஞ்சியது.

குழாய்ச் சத்தம் நின்றது.

"முடிஞ்சா?" என்று பௌஸி கேட்டாள். வயதான குரல்.

"முடிஞ்சி."

"அண்டைக்கு நீங்க ரெண்டு அப்பம் தின்னீங்க தானே. புளிச்சி ஈந்ததா?"

"இல்ல. அல்லா மேல ஆணையாப் புளிக்கல்ல. நான் மலையில எங்கயும் அப்பிடி ஒரு அப்பம் சாப்பிட்டதில்ல."

"அத என்னட்ட ஏன் செல்றீங்க? எனக்குத் தெரியும். அவளுக்குச் செல்லுங்க."

நான் ஆதிபாவின் பக்கம் திரும்பிச் சொன்னேன். "மாவு புளிக்கல்ல மகள். மச்சிர கையில ஒரு பிழையும் இல்ல." சொல்லி முடிப்பதற்குள் ஆதிபா என் கையிலிருந்த ஃபோனைப் பறித்துக்கொண்டு ஜன்னல் மூலைக்குப் போய்விட்டாள். "மச்சி, மாப்பு மச்சி" என்றாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. அடுப்பில் இடியாப்பச் சட்டி தண்ணி வற்றிக் கருகப் பார்த்தது. போய் அடுப்பைக் குறைத்து, தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன்.

அவள் திரும்பி வந்தபோது முகம் வீங்கியிருந்தது.

"மச்சி என்ன செல்ற?" என்று கேட்டேன்.

"யோசிக்கணுமாம்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான் ஆக்களுக்கு முன்னால செல்லினேன் தானே. அவங்களுக்கு யோசிக்க நேரம் வேணும்."

"மகள், நான் ஞாயித்துக்கெழம..."

"தெரியும் மாமி. நேத்து நான் தந்த மாப்பு ஒங்களுக்கு இல்ல. அது எங்கட கடைக்கு வந்து அன்பாச் சாப்பிட்ட ஒரு மாமிக்குத் தந்தது. இப்ப வந்த ஆள் வேற. இவங்களுக்கு என்ட வாயால இண்டைக்கு அந்த வார்த்த வராது. பொய்யாச் செல்ல எனக்கு ஏலா. ஒங்களுக்கும் அது வேணாம்தானே?"

"வேணாம்" என்றேன்.

"மச்சி எனக்குச் செல்லட்டும். அதுக்குப் பொறகு வந்து கேளுங்க."

வீட்டுக்கு வந்ததும் பஸ்லா என் முகத்தைப் பார்த்தாள். போய்ப் பட்டியலை எடுத்து, அந்தக் கோட்டை ரப்பரால் அழித்தாள். தாள் கொஞ்சம் கிழிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினேன். கஃபாவுக்கு முன்னால் நின்று எல்லோருக்கும் துஆக் கேட்டேன். ஆதிபாவுக்கும் அவளுடைய மச்சிக்கும் கஃபாவைச் சுற்றி வந்த ஒவ்வொரு தவாபிலும் கேட்டேன். எனக்கென்று கையை ஏந்தும்போது மட்டும், அந்த அறையின் ஆவிதான் கண்ணுக்குள் வந்தது. யா அல்லா, நீ மன்னிப்பாய், எனக்குத் தெரியும், ஆனால் இது உன்னிடம் கேட்கிற கணக்கில்லையே என்று சொல்லிவிட்டுக் கையை இறக்கினேன்.

திரும்பி வந்து ஐந்து வாரம். பௌஸி இன்னும் யோசிக்கிறாளாம். போன கிழமை ஃபோன் எடுத்து, இடியாப்ப மாவை வறுத்துக் குழைக்கிறாயா அவித்துக் குழைக்கிறாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாளாம். அதைச் சொல்லும்போது ஆதிபாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நான் அந்த இரண்டு மாடிப்படியை ஏறுகிறேன். முழங்கால் வலிக்கிறது, பிடித்துப் பிடித்து ஏறுகிறேன். "இண்டைக்கு இல்ல மாமி" என்கிறாள். சரி மகள் என்று சொல்லிவிட்டு, அடுத்த வெள்ளிக்குத் திரும்ப வருகிறேன்.